மருத்துவப் பயிற்சியும் நோயாளரின் மொழியும்

இலங்கையில் பட்டம் பெற்ற மருத்துவர் ஓராண்டு உள்ளகப் பயிற்சிக்கு உட்படுகின்றார். பொது மருத்துவ விடுதியில் ஆறு மாதம் பணியாற்றுபவர் அங்கு முதன்மையாகக் கற்பது மருந்தன்று. நோயின் வரலாற்றைக் கேட்டறியும் முறையேயாகும்.

மாத்தளையில் அக்கேள்வி எம்மொழியில் எழுகின்றது? கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்துவந்தோரின் வழித்தோன்றல்கள் இம்மாவட்டத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழ்கின்றனர். கொழுந்து பறிக்கும் பெண் "மேலுக்கு முடியல" என்கிறாள். 'மேல்' என்பது உடம்பு என அறியாத இளம் மருத்துவர் சிற்றூழியரையோ பக்கத்துக் கட்டில் நோயாளியையோ நாடுகின்றார். அவள் கூறிய பத்துச் சொற்கள் இரண்டாகிக் குறிப்பேட்டில் ஏறுகின்றன. சோர்வு பதிவாகின்றது, சுமந்த கொழுந்தும் ஏறிய மலையும் உண்ட உணவும் விடுபடுகின்றன. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படுகின்றது.

இந்நிலை தவிர்க்கவொண்ணாததன்று. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1860களிலேயே தமிழில் மருத்துவம் பயிற்றினார். 1870களில் 'வைத்தியாகரம்' என்னும் பொது மருத்துவ நூலும் தமிழில் வெளிவந்தது. அவர் மிசனரி என்பதையும், சமயம் பரப்பலும் அவர் நோக்கில் இருந்ததையும் மறைத்தற்கில்லை. ஆயினும் மாணவன் கற்ற மொழியும் நோயாளி நொந்த மொழியும் அங்கே ஒன்றாயிருந்தன.

எனினும் மொழி மட்டும் போதுமென நாம் கருதவில்லை. சொல் விளங்கிய தமிழ் மருத்துவரும் கூலியைப் பற்றி வினவுவது அரிது. 'தொழில்' என்பதற்கு எதிரே 'தோட்டத் தொழிலாளி' என எழுதிவிட்டு அவர் அடுத்த வினாவுக்குச் செல்கின்றார்.