புரியவில்லையா, பிடிக்கவில்லையா?

சென்னை, கோவை கால் சென்டர்களில் வேலை தேடுகிறவர்களுக்கு 'எம்.டி.ஐ.' என்ற பெயர் நன்றாகத் தெரியும். ஒருவர் பேசும் ஆங்கிலத்தில் தாய்மொழியின் சாயல் இருப்பதைக் குறிக்க ஆள் எடுப்பவர்கள் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் அது. 'ஓப்பன்' என்பதை 'வோப்பன்' என்றும் 'எக்ஸிட்' என்பதை 'யெக்ஸிட்' என்றும் சொல்பவரின் பெயருக்கு எதிரே 'எம்.டி.ஐ. அதிகம்' என்று எழுதிவிட்டால், பல இடங்களில் நேர்காணல் அத்தோடு முடிந்தது. கணக்குத் தெரியுமா, கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரைப் பொறுமையாகக் கையாளத் தெரியுமா என்ற கேள்விகளுக்கு அதன்பிறகு இடமில்லை. தமிழிலேயே வேலை நடக்கும் இடங்களில் இதே வடிகட்டல் பெயரில்லாமல் நடக்கிறது. நெல்லைக்காரரின் 'ஏலே'வும் வடசென்னைக்காரரின் 'இன்னா'வும் முதலில் சிரிப்புக்கு ஆளாகின்றன, பிறகு பட்டப்பெயராகின்றன, கடைசியில் 'இவரைக் கஸ்டமர் முன்னால் நிறுத்த முடியாது' என்ற முடிவில் வந்து நிற்கின்றன. அடியாளுக்கு வடசென்னைப் பேச்சு, சிரிக்கவைக்கக் கோவைப் பேச்சு என்று பல ஆண்டுகளாகப் பிரித்துக் கொடுத்த நம் சினிமாவுக்கும் இதில் பங்கு உண்டு. இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை: பேச்சைக் கேட்டதும் 'எந்த ஊர்?' என்று தொடங்கும் விசாரணை, நம் ஊரில் பெரும்பாலும் அடுத்த கேள்வியில் சாதிக்கு வந்துவிடும்.

இப்படி ஒதுக்குவதற்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: 'அவர் பேசுவது புரியவில்லை.' இந்தக் காரணத்தை அப்படியே ஏற்காமல் சோதித்துப் பார்க்க வேண்டும். கனடாவின் மர்ரே மன்ரோவும் ட்ரேசி டெர்விங்கும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், மாண்டரின் சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் ஆங்கிலப் பேச்சைக் கேட்டு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அதைச் சொல்லுக்குச் சொல் எழுதினார்கள். ஒரு பிழையும் இல்லாமல் எழுதிவிட்ட பல வாக்கியங்களுக்கே, 'உச்சரிப்பில் அந்நியச் சாயல் மிக அதிகம்' என்று மதிப்பெண்ணும் போட்டார்கள். சாயல் இருப்பது வேறு, புரியாமல் போவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் 1992-இல் செய்த சோதனை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அமெரிக்கப் பெண் ஒருவரின் குரலில் பதிவான ஒரே விரிவுரையை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டி, சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையும் சிலருக்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டினார். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு இல்லாத சாயல் காதில் விழுந்தது, விரிவுரையும் குறைவாகவே மனதில் பதிந்தது. புரியாமையில் ஒரு பங்கு கேட்பவரிடம் இருக்கிறது என்றுதானே இதற்குப் பொருள்? பழகாத சாயலில் கேட்பவர் தொடக்கத்தில் தடுமாறினாலும், ஒரு நிமிடத்துக்குள்ளாகவே காது பெருமளவு பழகிவிடுகிறது என்று 2004-இல் வெளியான கிளார்க், காரெட் ஆய்வு காட்டியது. நேர்காணலில் அந்த ஒரு நிமிடம்கூடப் பலருக்குக் கிடைப்பதில்லை.

இந்த ஒதுக்கலைச் சட்டத்தால் தடுக்க முடியுமா? அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் பூர்விக நாட்டை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. உச்சரிப்பும் அதற்குள் அடங்கும். உச்சரிப்பைக் காரணம் காட்டும் முதலாளி, அது வேலையை உண்மையாகவே கெடுக்கிறது என்று காட்டியாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஒக்லஹோமா பல்கலைக்கழகப் பல் ஆய்வகத்தில் மேற்பார்வையாளராக இருந்த பிலிப்பைன்ஸ்காரர் கரினோ, உச்சரிப்பைக் காட்டிப் பதவி இறக்கப்பட்டபோது வழக்குப் போட்டார், 1984-இல் மேல்முறையீட்டிலும் வென்றார். ஆனால், ஹொனலூலுவில் வாகன உரிமப் பிரிவு எழுத்தர் வேலைக்குத் தேர்வெழுதிய 721 பேரில் முதலிடம் பெற்ற மானுவல் ஃப்ரகான்டே தோற்றார். நேர்காணல் செய்த இருவர் அவர் பேச்சு புரியவில்லை என்று எழுதினார்கள். நேர்காணலுக்கு முறையான அளவுகோல் இல்லை, மதிப்பீட்டுத் தாளும் போதாது என்று விசாரணை நீதிமன்றமே கண்டது. அப்படியிருந்தும் 1989-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கமே நின்றது. நல்ல சட்டம் இருந்தாலும், 'புரியவில்லை' என்ற ஒரு சொல்லை யாரும் சோதிக்காவிட்டால் அது எழுதியவருக்கே சாதகமாகிவிடும் என்பதற்கு இந்த வழக்கு சாட்சி.

வாடிக்கையாளர்கள் விரும்பவில்லையே, நிறுவனம் என்ன செய்யும் என்று கேட்பார்கள். வாடிக்கையாளர் விருப்பம் எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிடாது. பயணிகள் பெண்களையே விரும்புகிறார்கள் என்று சொல்லி விமானப் பணிக்கு ஆண்களை எடுக்க மறுத்த பான் ஆம் நிறுவனத்தின் வாதத்தை 1971-இலேயே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. உயிர் சம்பந்தப்பட்ட வேலைகளில் தெளிவு முக்கியமல்லவா என்பது இதைவிடக் கனமான கேள்வி. முக்கியம்தான். விமானிகளுக்கும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வைத்திருக்கும் ஆங்கில மொழித்திறன் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். பணிக்குத் தேவையான நான்காம் நிலையில் தாய்மொழியின் சாயலும் வட்டாரச் சாயலும் இருக்கலாம் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது, உச்சமான ஆறாம் நிலையிலும் சாயலை மறுக்கவில்லை. உச்சரிப்பைப் பொறுத்தவரை, புரிந்துகொள்வதற்குச் சாயல் எவ்வளவு இடைஞ்சல் என்பதை மட்டுமே அளக்கிறது. நூற்றுக்கணக்கானோர் உயிர் தொங்கும் இடத்திலேயே இதுதான் அளவு என்றால், கடன் அட்டைக் கணக்கைச் சரிபார்க்கும் வேலைக்கு அதைவிடக் கடுமையான அளவு எதற்கு? அப்படியானால் பயிற்சியே கூடாதா என்றால், தாராளமாகக் கொடுக்கலாம். எந்தச் சொல்லில் வாடிக்கையாளர் இடறுகிறார் என்று கண்டறிந்து, வேலை நேரத்தில், சம்பளத்தோடு கொடுக்கட்டும். ஊரை மறைக்கச் சொல்வது பயிற்சி ஆகாது.

இந்தியாவில் நம் நிலைமை பலவீனமானது. அரசியலமைப்பின் 16(2) பிரிவு பிறந்த ஊர், வசிப்பிடம், வம்சாவளி ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் அது அரசு வேலைக்கு மட்டும். அந்தப் பட்டியலில் மொழியும் இல்லை. தனியார் துறைக்குப் பொதுவான பாகுபாட்டுத் தடைச் சட்டமே நம்மிடம் கிடையாது. பேச்சுச் சாயலுக்காக வேலைக்கே எடுக்கப்படாதவர் தனியார் நிறுவனத்தின் மீது வழக்குப் போடச் சட்டப் பிடிமானம் ஏறக்குறைய இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. வேலையில் இருப்பவருக்குக் கொஞ்சம் பிடி உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவுப்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஊழியரை நியாயமான காரணமின்றி நீக்க முடியாது. நீக்கினால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். காலக்கெடு குறுகியது என்பதால் நாள் கடத்தக் கூடாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பேச்சைக் கிண்டல் செய்வது பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லிப் பிறர் முன்னிலையில் இழிவுபடுத்துவதாக மாறினால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அது குற்றம். வழக்கறிஞருக்குச் செலவழிக்க வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

இவற்றில் எந்த வழியில் போனாலும் கையில் எழுத்து வேண்டும். பதவி உயர்வு மறுக்கப்பட்டாலோ வாடிக்கையாளர் பணியிலிருந்து மாற்றப்பட்டாலோ, 'எந்த அழைப்பில், எந்த வாடிக்கையாளருக்கு, என்ன புரியாமல் போனது?' என்று பணிவாக மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமும் ஒரு சான்றாகும். கிண்டல் நடந்த தேதி, சொன்ன வார்த்தை, உடனிருந்தவர்கள் யார் என்பதை அன்றைக்கே குறித்து வைக்க வேண்டும். பழைய மதிப்பீட்டு அறிக்கைகளையும் வாடிக்கையாளர் கொடுத்த பாராட்டுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். அரசு வேலையானால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தம் நேர்காணல் மதிப்பெண்ணைக் கேட்டு மனுப்போடலாம். உடன் வேலை செய்பவர்கள் கூடவே கையெழுத்திட்டால் புகாரின் எடையே வேறு.

உச்சரிப்புப் பாகுபாட்டைத் தடுப்பது இன்றைக்கு அவசரமாகிவிட்டதற்கு ஒரு காரணம் இயந்திரம். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களை அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களிடமிருந்து எடுத்து 2020-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் சராசரியாக 100 சொல்லுக்கு 19 பிழை வந்தது, கறுப்பினத்தவர் பேச்சில் 35. இத்தகைய மென்பொருளே நேர்காணலைக் கேட்டு மதிப்பெண் போடும்போது, 'ஏன்?' என்று கேட்பதற்கு எதிரே ஓர் ஆள்கூட இருக்க மாட்டார். சட்டம் கொண்டுவரும் முயற்சிகள் நடக்காமலும் இல்லை. பிரான்ஸின் தேசிய சட்டமன்றம் 2020 நவம்பரில் உச்சரிப்புப் பாகுபாட்டைத் தடை செய்யும் மசோதாவை நிறைவேற்றியது. மேலவையைத் தாண்டி அது சட்டமாகவில்லை. நம் மக்களவையில் 2017-இல் சசி தரூர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் மொழி அடையாளமும் இருந்தது. அதுவும் சட்டமாகவில்லை. தமிழ்நாடு சட்டமன்றமாவது இதைக் கையில் எடுக்க வேண்டும். வட்டார வழக்குகளில் எழுதப்பட்ட கதைகளுக்கு விருது கொடுக்கும் சமூகம், அதே வழக்கில் பேசுகிறவரை வேலையிலிருந்து ஒதுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

சட்டம் வரும்வரை நிறுவனங்கள் காத்திருக்கவும் தேவையில்லை. மதிப்பீட்டுத் தாளில் இருக்கும் 'எம்.டி.ஐ.' கட்டத்தை மனிதவளப் பிரிவு நாளைக்கே எடுத்துவிடலாம். அதற்குப் பதிலாக, விண்ணப்பதாரரைத் தொலைபேசியில் ஒரு முகவரி, ஒரு கணக்கு எண், ஒரு புகாரின் விவரம் சொல்லச் சொல்லி, அவரை முன்பின் பார்த்திராத இருவர் மறுமுனையில் எழுதிக்கொள்ளட்டும். எழுதியது சரியாக இருந்தால் அவர் பேச்சு அந்த வேலைக்குப் போதும். தவறாக இருந்தால் எந்தச் சொல்லில் தவறியது என்று அவரிடமே காட்டி, இன்னொரு வாய்ப்பும் கொடுக்கலாம்.