சிப்போட பேரு என்ன, அங்கிள்?

ரிடையர் ஆன மனுஷன் வாயிலிருந்து வரக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. “இது அரை மணி நேர வேலை, கொண்டு வாங்க!”

மாயவரத்தில், எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை நான் சொன்னேன். கடைக்காரர் நம்பிவிட்டார். பாங்க்கில் நான் ‘கம்ப்யூட்டர் செக்‌ஷன்’ பார்த்தவன் என்று அவருக்கு ஒரு மரியாதை. அங்கே நான் பார்த்தது பெரும்பாலும், பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவும் வேலைதான் என்பது அவருக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். அவர் மகள் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் முதல் வருஷம். வீட்டில் இருப்பது 2014-ல் வாங்கிய லேப்டாப். நாலு ஜி.பி. மெமரி. அதில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. ‘ஓடி’ என்பது ஒரு மரியாதைக்கு. பட்டனை அமுக்கிவிட்டுப் பல் தேய்த்து, காபி குடித்து, பேப்பர் படித்துவிட்டு வந்தால் அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். வயசு!

அந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்பவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் வரை. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சமாசாரம் இருக்கிறதா, பிராசஸர் என்ன தலைமுறை என்று அது ஜாதகம் கேட்கிறது. இன்டெல் என்றால் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதாவது 2017-க்கு முந்தைய மிஷின்களுக்கு வாசலிலேயே ‘போய்ட்டு வா’!

“புதுசு வாங்கணும்னா முப்பத்தஞ்சு, நாப்பதாயிரம் ஆவும்ங்கிறாங்க சார். சீட்டை எடுத்தாதான் உண்டு. அது பொண்ணோட காலேஜ் ஃபீஸுக்குன்னு கட்டுறது...” என்று இழுத்தார் கடைக்காரர்.

“சீட்டைத் தொடாதீங்க! லினக்ஸ் போட்டுடலாம். காலணா செலவில்லை” என்றேன்.

லினக்ஸ் என்றால் பயப்படாதீர்கள். 1991-ல் ஹெல்சிங்கியில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய சமாசாரம். இன்றைக்கு உங்கள் ஆண்ட்ராய்ட் போனுக்கு அடியில் இருப்பது அதுதான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாமே 2017 நவம்பரிலிருந்து அதில்தான் ஓடுகின்றன. இலவசம். கிழட்டு மிஷினிலும் எழுந்து நடக்கும்.

பென் டிரைவில் ‘லினக்ஸ் மின்ட்’ ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்த என் மனைவி, “அந்தப் பொண்ணோட போட்டோ, பாடமெல்லாம் வேற எதிலயாவது எடுத்து வெச்சாச்சா?” என்றாள்.

“எல்லாம் எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் அவசரமாக எடுத்து வைத்தேன். பிறகு, டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்டது. ‘ஆம்’ என்று அமுக்கினேன். இருபத்தைந்தே நிமிஷம். பளிச்சென்று புது முகம்! சொன்னபடி அரை மணிக்குள்!

வலது மூலையைப் பார்த்தேன். வைஃபை அடையாளத்தைக் காணோம். குறுக்கே கோடு போட்டு இருந்தாலாவது பரவாயில்லை. அடையாளமே இல்லை. வைஃபை என்ற ஒரு வஸ்து அந்த லேப்டாப்பில் பிறக்கவே இல்லை என்பது போல் சாதித்தது.

என்ன செய்தேன்? நம் தேசிய வைத்தியம். அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். சனிக்கிழமை வேறு ரக லினக்ஸ் போட்டேன். அப்புறம் பழையதையே திரும்பப் போட்டேன். பெங்களூரில் இருக்கும் என் அக்கா பையனுக்குப் போன் போட்டு, “வைஃபை வேலை செய்யலைடா” என்றேன். “என்ன வைஃபை மாமா?” என்றான். “லேப்டாப்ல இருக்கிற வைஃபைதான்!” “அதில்ல மாமா...” என்பதற்குள் எரிச்சலில் வைத்துவிட்டேன். சனி ராத்திரி பன்னிரண்டு மணி. விண்டோஸ் போயாச்சு. லினக்ஸ் ஊமை. நாற்பதாயிரம் என்ற எண் மின்விசிறியோடு சேர்ந்து தலைக்கு மேல் சுற்றியது. திங்கட்கிழமை காலையில் பெண் பிராக்டிகல் ரெக்கார்டு கொடுத்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே வந்தாள். நான் செய்த வைத்தியங்களை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“சிப்போட பேரு என்ன, அங்கிள்?”

ஒன்றரை நாளாக நான் கேட்காத கேள்வி. அக்கா பையன் கேட்க வந்ததும் இதுதான்!

புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இது. லேப்டாப் கம்பெனி பெயர், மாடல் நம்பர் எல்லாம் போதாது. ஒரே மாடலில் ஒரு லாட்டுக்கு ஒரு வைஃபை சிப், அடுத்த லாட்டுக்கு வேறு சிப் வைத்து அனுப்புவது சகஜம். நாம் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் சிப்பின் பெயரை.

அதைக் கேட்க வழி இருக்கிறது. ‘டெர்மினல்’ என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற ஐந்து ஆங்கில எழுத்துக்களைச் சின்ன எழுத்தில், புள்ளியில்லாமல் சேர்த்து அடிக்க வேண்டும். ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, என்.என்.கே. வயிற்றுக்குள் இருக்கும் அத்தனை உறுப்புகளின் பெயர்களும் வரிசையாக விழும். கூடவே சதுர அடைப்புக்குள் நாலு, நாலாக எட்டு எழுத்தில் ஓர் அடையாள எண். அதுதான் சிப்பின் ரேஷன் கார்டு நம்பர். அதற்கும் கீழே, எந்த டிரைவர் அதை ஓட்டுகிறது என்று ஒரு வரி. யு.எஸ்.பி.யில் செருகும் சாமான்களுக்கு எல்.எஸ்.யு.எஸ்.பி.

எங்கள் வைஃபை சிப்புக்குக் கீழே அந்த டிரைவர் வரியே இல்லை. “சிப் நல்லாத்தான் இருக்கு அங்கிள். ஓட்டுறதுக்குத்தான் ஆள் இல்லை” என்றாள்.

டிரைவர் என்றால் யானைப்பாகன் மாதிரி. கோயில் யானையிடம் போய் நீங்களும் நானும் ‘உட்காரம்மா’ என்றால் உட்காராது. பாகன் பழக்கின பாஷையில் சொன்னால்தான் உட்காரும். சிப்புக்கு என்ன பாஷை என்பது அதைச் செய்த கம்பெனிக்குத் தெரியும். சில கம்பெனிகள் வெளிப்படையாகச் சொல்லிவிடும். அவர்களுடைய சிப் லினக்ஸில் போட்டவுடன் ஓடும். சில கம்பெனிகள் தொழில் ரகசியம் என்று மூடிவைத்து, ‘பாகனை வேண்டுமானால் தருகிறேன், பாஷையைச் சொல்ல மாட்டேன்’ என்பார்கள். அந்த மூடிய டிரைவரைப் பல லினக்ஸ் ரகங்கள் தாமாகப் போடுவதில்லை. நாம் கேட்டு வாங்கிப் போட வேண்டும். டிரைவர் வரியே இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இந்த மல்லுக்கட்டு புதிதல்ல. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஒரு லேசர் பிரிண்டர் வந்தது. செய்தது ஜெராக்ஸ் கம்பெனி. நம்ம தெருமுனைக் கடைக்குப் பெயர் தந்த அதே கம்பெனி! அதில் பேப்பர் அடிக்கடி சிக்கும். சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி புரோகிராமைத் திருத்தலாம் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் அதன் மூலப் பிரதியைக் கேட்டார். கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பும் ஒரு காரணமாகி, யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளுக்காக 1983-ல் ‘ஜி.என்.யு.’ என்ற திட்டத்தை அறிவித்தார். லினக்ஸ் பிற்பாடு அதோடுதான் கை கோத்தது. ஆக, சிக்கின பேப்பரை நானும் உருவினேன், அவரும் உருவினார். அவர் சரித்திரம் படைத்தார்!

2012-ல் டோர்வால்ட்ஸே ஒரு மேடையில், என்விடியா கம்பெனி ஒத்துழைப்பதில்லை என்று கோபித்துக்கொண்டு காமிராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். பத்து வருஷம் கழித்து, 2022 மே மாதம், அதே கம்பெனி தன் புதிய சிப்களுக்கான டிரைவரின் ஒரு முக்கியப் பகுதியைத் திறந்து வைத்தது. விரலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். டிரைவரை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும். இன்டர்நெட் வேண்டுமானால் டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதை! பெண் தன் ஆண்ட்ராய்ட் போனைச் சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் செருகி, போனில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதைத் தட்டினாள். அவ்வளவுதான், நெட் வந்துவிட்டது! மின்ட்டில் ‘டிரைவர் மேனேஜர்’ என்று இருக்கிறது. திறந்தோம். அதுவே அந்தச் சிப்பைக் கண்டுபிடித்து, ‘இவருக்கு இன்ன டிரைவர்’ என்றது. போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. வைத்தோம்.

மறுபடி கிளம்பியபோது நீல நிறத்தில் ஒரு பயங்கரத் திரை. எனக்கு ஒன்றும் புரியாமல், சாதுவாகத் தெரிந்த ‘கன்டின்யூ’வை அமுக்கிவிட்டேன். வைஃபை வரவில்லை!

“அவசரப்பட்டுட்டீங்களே அங்கிள்...”

அந்த நீலத் திரை ஒரு காவல்காரர். ‘செக்யூர் பூட்’ என்று பெயர். தெரியாத கையெழுத்துப் போட்ட டிரைவரை உள்ளே விடமாட்டார். ‘இவர் நம்ம ஆள்’ என்று நாம் சிபாரிசு செய்ய வேண்டும். அதற்குத்தான் அந்தப் பாஸ்வேர்டு. திரை வந்ததும் பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டி, ‘என்ரோல் எம்.ஓ.கே.’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். டிரைவரை மறுபடி போட்டோம். இந்தத் தடவை கீபோர்டு அவள் கையில். நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வலது மூலையில் வைஃபை விசிறி விரிந்தது. ஞாயிறு மத்தியானம் ஒன்று இருபது. எனக்குக் கண்ணில் லேசாகத் தண்ணீர். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி மேல் பழியைப் போட்டேன்.

சாயங்காலம் கடைக்குப் போய் அப்பாவின் பிரிண்டரில் செருகினோம். இது என்ன பாடு படுத்துமோ என்று பயந்தால், தானாகவே அடையாளம் கண்டு கடகடவென்று அடித்தது. ரெக்கார்டு முப்பத்திரண்டு பக்கம்!

இது தவிர, புதியவர்கள் அடிக்கடி கலங்கும் வேறு சில வியாதிகளுக்கும் கை வைத்தியம் சொல்கிறேன். வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

1. என்னைப் போல் எடுத்தவுடன் டிஸ்க்கை அழிக்காதீர்கள். நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், காமிரா, டச்பேட், மூடித் திறந்தால் விழிக்கிறதா... எல்லாம் பார்த்த பிறகு மாலையை மாற்றுங்கள்.

2. கிளம்பும்போதே திரை கறுப்பாகிவிட்டால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கோளாறு. முதல் மெனுவில் ஆங்கில ‘ஈ’ எழுத்தைத் தட்டி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்று ஒரே வார்த்தையாகச் சேர்த்து எஃப் 10 அமுக்குங்கள். இது தாற்காலிக வைத்தியம். உள்ளே போய்ச் சரியான டிரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

3. டிஸ்க்கே கண்ணில் படவில்லையா? பயாஸில் ‘ரெய்ட்’ அல்லது ‘ஆர்.எஸ்.டி.’ என்று இருக்கும். அதை ‘ஏ.ஹெச்.சி.ஐ.’ ஆக்க வேண்டும். விண்டோஸையும் கூட வைத்துக்கொள்பவர்கள் விசாரிக்காமல் மாற்றாதீர்கள், அது கிளம்ப மறுக்கலாம். ‘பிட்லாக்கர்’ இருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதி வையுங்கள்.

4. இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசித்திரம். கோயமுத்தூரிலிருந்து என் மச்சினன் பேசினான். “அத்திம்பேர், காலம்பர பத்தரைக்கு விண்டோஸ் அஞ்சு மணிங்கிறது!” ஐந்தரை மணி வித்தியாசம்! லினக்ஸ் உள் கடிகாரத்தில் உலக நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கும். இந்திய நேரத்தையே வைக்கும்படி லினக்ஸிடம் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

5. விண்டோஸின் டி டிரைவைப் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லையா? விண்டோஸ் முழுசாகத் தூங்கவில்லை, அரைத் தூக்கம். ஷிஃப்ட் கீயை அமுக்கிக்கொண்டு ‘ஷட் டவுன்’ கொடுங்கள்.

6. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். நாலு மருந்தை ஒன்றாகக் குடித்தால் எது கேட்டது என்று தெரியாது.

எல்லோரும் மாறிவிடுங்கள் என்று நான் கொடி பிடிக்கவில்லை. உங்கள் பிழைப்பு டாலியில் ஓடுகிறது என்றால் அது விண்டோஸ் சரக்கு, அப்படியே இருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் விசாரித்துவிட்டு இறங்குங்கள். படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் புரோகிராம் கற்றுக்கொள்ளவும் என்றால், அந்தக் கிழட்டு லேப்டாப்பைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுங்கள்.

திங்கட்கிழமை ரெக்கார்டு போய்ச் சேர்ந்தது. சீட்டும் பத்திரமாக இருக்கிறது, ஃபீஸுக்கு.

இப்போதெல்லாம் யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கு வந்து “வேலை செய்யலைங்க” என்றால், அந்தப் பெண் உள்ளேயிருந்து, “எது வேலை செய்யலை? சிப்போட பேரு என்ன?” என்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நான், “ரெண்டு நாள் ஆகும்” என்று மட்டும் சொல்கிறேன்.

என் மனைவி சொல்லச் சொன்னது ஒன்று பாக்கி இருக்கிறது. முதலில் போட்டோக்களை எடுத்து வையுங்கள்!