கியர் போட்டதும் அடியில் ‘டக்’ என்கிறதா? ஃபோர் வீல் வாகனத்தின் சத்தத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

குளுவாங், லாயாங்-லாயாங், கோத்தா திங்கி பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டு நேரத்தில் நின்றவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமாக இருக்கும். பிக்-அப்பை ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னே செல்ல கியர் மாற்றியதும் அடியிலிருந்து ‘டக்’ என்று ஓர் இடி. ஓட்டுபவர் அலட்டிக்கொள்ள மாட்டார். “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்பார்.

சில வண்டிகளுக்கு அந்தப் பதில் சரி. சில வண்டிகளுக்கு அது தள்ளிப்போட்ட செலவு. இன்னும் சிலவற்றில், நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது அடியில் சுழலும் இரும்புத் தண்டு கழன்று விழப்போவதற்கான முன்னறிவிப்பு. எது எது என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். முதல் சோதனைக்கு இரண்டு மரக்கட்டைகளும் ஒரு டார்ச் லைட்டும் போதும்.

எனக்கு இந்தப் பாடம் செலவில்தான் வந்தது. என் பிக்-அப் இப்படி இடிக்கத் தொடங்கியபோது ஒரு பட்டறையில் காட்டினேன். சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “பின் டிஃபரென்ஷியல் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்றார்கள். மாற்றினேன். சத்தம் போகவில்லை. பிறகு தோட்டத்து லோரிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து அப்படியும் இப்படியும் திருகினார். “தம்பி, இங்கே கையை வை” என்றார். கிராஸ் ஜாயிண்ட் கையிலேயே ஆடியது. டிஃபரென்ஷியல் விலையோடு ஒப்பிட்டால் கிராஸ் ஜாயிண்ட் சில்லறைச் செலவு.

எஞ்சினின் சக்தி கியர்பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வந்து, அங்கிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் டிஃபரென்ஷியலுக்கும், 4எச் அல்லது 4எல் போட்டால் முன் டிஃபரென்ஷியலுக்கும் போகிறது. இந்த வழியில் எத்தனை பற்சக்கரங்கள், எத்தனை இணைப்புகள்! ஒவ்வொன்றிலும் இம்மி அளவு இடைவெளி இருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் சூடாகி இறுகிவிடும். முன்னே இழுத்த விசை பின்னே திரும்பும்போது இந்த இடைவெளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடிக்கொள்கின்றன. அதுதான் சத்தம். 1948-இல் அறிமுகமாகி, அவசரகாலத்தில் தோட்டத் துரைமார்கள் ஓட்டிய லேண்ட் ரோவர்களிலும் இது உண்டு. லேசான ‘டக்’ நோயல்ல. முன்பு இல்லாதது புதிதாக வந்தாலோ, மாதத்துக்கு மாதம் கனத்தாலோதான் கவனிக்க வேண்டும்.

சத்தம் எப்போது வருகிறது என்பதை ஒரு வாரம் கவனியுங்கள். கியர் மாற்றும்போதும், எண்ணெய் மிதியை அழுத்தி விடும்போதும் வந்தால் கிராஸ் ஜாயிண்ட், டிஃபரென்ஷியல், எஞ்சின் மவுண்டிங் ஆகியவற்றில் ஒன்று. வண்டி நின்ற பிறகு யாரோ பின்னால் இடித்ததுபோல ஓர் உதை வந்தால், ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய உதவும் சறுக்கு இணைப்பில் கிரீஸ் வற்றியிருக்கலாம். மேடு பள்ளத்தில் மட்டும் வந்தால் அது சஸ்பென்ஷன் வேலை. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது ‘டிக் டிக்’ என்றால் முன் சக்கரத்து சிவி ஜாயிண்ட். மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல ‘கீச் கீச்’ என்று சக்கர வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறைந்தால், கிராஸ் ஜாயிண்டின் ஊசி பேரிங்குகள் காய்ந்துவிட்டன என்று பொருள். பெரும்பாலும் கீச் முதலில் வரும், ‘டக்’ பிறகு வரும்.

அடுத்தது கைச் சோதனை. சமதரையில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்தால்தான் ஷாஃப்ட் தளரும். அதனால் கட்டை இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம். ஷாஃப்ட் சூடு ஆறியதும் பிடித்து இரு பக்கமும் திருகுங்கள். ஷாஃப்டும் டிஃபரென்ஷியல் முகப்புத் தட்டும் சேர்ந்து திரும்பினால் இடைவெளி டிஃபரென்ஷியலுக்குள் இருக்கிறது. தட்டு அசையாமல் ஷாஃப்ட் மட்டும் ஆடினால் குற்றவாளி கிராஸ் ஜாயிண்ட். மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். அந்த ஆட்டமும் இருக்கக்கூடாது. மூடிகளைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் நம் ஊர்ச் செம்மண்ணும் அதே நிறம்தான், துடைத்துவிட்டுப் பாருங்கள்.

டிஃபரென்ஷியலில் எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்? தோட்டத்தில் ஒரே ரக வண்டி இரண்டு மூன்று நிற்கும். சத்தம் போடாத வண்டியிலும் இதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள். எந்தப் புத்தகத்தையும்விட அது தெளிவாகச் சொல்லும்.

எஞ்சின் மவுண்டிங்கைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். அவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு ரிவர்ஸும் டிரைவும் மாற்ற, நீங்கள் பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். எஞ்சின் துள்ளி எழுந்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது.

இனி கிரீஸ். செம்பனைத் தோட்டச் சாலையில் ஓடும் வண்டிக்கும் ஜொகூர் பாருவில் அலுவலகம் போய்வரும் வண்டிக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. சேற்று நீர் கிரீஸைக் கழுவிவிடும். நிப்பிள் இருந்தால், நான்கு மூடிகளிலும் பழைய கிரீஸ் வெளியேறி புதியது தெரியும் வரை கிராஸ் ஜாயிண்டுக்கு அடிக்கலாம். சறுக்கு இணைப்புக்கு அப்படிச் செய்யக்கூடாது. அங்கே அளவுக்கு மீறி அடித்தால் உள்ளே நிரம்பிய கிரீஸ் ஷாஃப்டைச் சுருங்கவிடாது. சுமை ஏற்றியதும் அந்த அழுத்தம் பேரிங்குகள் மேல் விழும். சில தள்ளல்கள் போதும். இந்த ஒரு வேலையிலேயே நின்ற பிறகு வரும் உதை பல வண்டிகளில் மறைந்துவிடுகிறது.

கிராஸ் ஜாயிண்டை மாற்ற ஷாஃப்டைக் கழற்றும் முன், இரு பக்கத் தட்டுகளிலும், சறுக்கு இணைப்பின் இரு பாதிகளிலும் பெயின்டால் கோடு போடச் சொல்லுங்கள். சாய்வாக இயங்கும் கிராஸ் ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். மறுமுனையில் உள்ள ஜாயிண்ட் அதைச் சரிக்கட்டும், ஆனால் இரண்டும் நேராகப் பொருந்தியிருந்தால்தான். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி அதிரும். வண்டியை உயர்த்தும் ஆசை உள்ள இளைஞர்களும் இதை நினைவில் வைக்கலாம். உயரம் கூடினால் சாய்வும் கூடும், ஜாயிண்ட் சீக்கிரம் தேயும்.

உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் பட்டை ஸ்பிரிங்கின் யு போல்ட்டையும் புஷ்களையும் பாருங்கள். போல்ட் தளர்ந்தால் ஆக்சிலே முன்பின் நகர்ந்து அதே ‘டக்’ சத்தத்தைக் கொடுக்கும்.

4எச்-இல் மட்டும் சத்தம் வந்தால் முன் ஷாஃப்டையும் முன் டிஃபரென்ஷியலையும் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: தார்ச்சாலையில் 4எச் போட்டு ஓட்டினீர்களா? நடு டிஃபரென்ஷியல் இல்லாத பிக்-அப்களில், திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடும். மண்ணில் சக்கரம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது, விசை ஷாஃப்டுகளில் முறுக்கேறி, ‘டம்’ என்று விடுபடும். 2எச்-க்கு மாற்றி நேராகச் சில மீட்டர் பின்னே எடுத்தால் முறுக்கு இறங்கும். பழுது ஒன்றுமில்லை, பழக்கத்தை மாற்றினால் போதும்.

கடைசியாக வெள்ளம். 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட், சிகாமட் வட்டாரங்களில் நீருக்குள் வண்டி ஓட்டியவர்கள் பலர். ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். மேலே உள்ள காற்றுக் குழாய் சேறடைத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சில் மூழ்கும் ஆழத்தில் போனால் அந்த வாரமே எண்ணெயைப் பாருங்கள். தே தாரிக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்றுங்கள். வடிக்கும் நட்டுக்கு முன் ஊற்றும் நட்டைத் திறந்து பாருங்கள்; அது திறக்காமல் எண்ணெயை வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். நட்டின் காந்தத்தில் கருப்புக் களிம்பு ஒட்டியிருப்பது இயல்பு. இரும்புத் துண்டு இருந்தால் டிஃபரென்ஷியலைத் திறந்தே ஆக வேண்டும்.

‘டக்’ சத்தத்தோடு அதிர்வும் சேர்ந்து, வேகம் கூடக்கூட அதுவும் கூடினால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். ஷாஃப்டின் முன்முனை கழன்றால் தரையில் குத்தும், சுழன்றடித்து பிரேக் குழாயை அறுக்கும். இழுவை வண்டியை அழையுங்கள்.