ஒரு ரூபாய் ஷாம்பும் நம்ம எருக்குழியும்

எங்க பக்கம் ‘குப்பை அடிக்கணும்’ என்றால் வயலுக்கு எரு போடணும் என்று அர்த்தம். சாணி, சாம்பல், கூளம், தழை, இவ்வளவுதான் குப்பை. இப்போது காட்பாடி சுற்றுவட்டாரத்தில் எருக்குழியைக் கிளறினால் மண்வெட்டியில் முதலில் மாட்டுவது ஷாம்பு பாக்கெட்தான். நாம் ரசாயன உரத்தை நிறுத்திவிட்டோம். ஆனால் எருவோடு சேர்த்து இதையும் வயலில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பாக்கெட் வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நம்ம கடலூர்தான் அதற்கு ஊர். சின்னி கிருஷ்ணன் என்பவர், பணக்காரர் வாங்குவதை ஏழையும் வாங்க முடியணும் என்று பவுடரையும் பேதி உப்பையும் சிறு பொட்டலங்களில் விற்றார். அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பு கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியாகப் பிரிந்து 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொடங்கினார். காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு ஷாம்பு இலவசம் என்று ஒரு திட்டமும் அவர் வைத்தார். விற்பனைக்காகத்தான் வைத்தார். ஆனாலும் காலி பாக்கெட்டைக் கடைக்குத் திரும்ப வரவழைக்க முடியும் என்பது அப்போதே தெரிந்துபோன விஷயம்!

வாங்குகிறவர்களைத் திட்டி பிரயோஜனமில்லை. வங்கியில் முப்பது வருஷம் வரவு செலவு பார்த்தவன் சொல்கிறேன்: தினக்கூலிக்காரர் கையில் ஷாம்புக்கென்று நூற்றைம்பது ரூபாய் ஒரே நாளில் ஒதுங்காது. தவிர, மில்லி கணக்குப் போட்டால் பல நேரம் பாட்டிலைவிட பாக்கெட்தான் மலிவு. விடியற்காலையில் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு பஸ் பிடிக்க ஓடும் பெண்களிடம் போய் ‘சீயக்காய் அரைத்துக் குளிம்மா’ என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் கணக்கு பெரிது. நான்கு பேர் வீடு, ஆளுக்கு வாரம் 2 பாக்கெட் என்றால் வருஷத்துக்கு 416. 300 வீட்டு ஊருக்கு 1,24,800. இதில் தேங்காய் எண்ணெய், பேஸ்ட், முகக்கிரீம் பாக்கெட்டுகள் சேரவில்லை.

பழைய இரும்புக்காரர் பால் கவரை எடுப்பார், இதைத் தொடமாட்டார். காரணம், அது ஒரே பொருள் இல்லை. வெளியே அச்சடிக்க பாலியெஸ்டர், நடுவில் அலுமினியப் பூச்சு, உள்ளே சூட்டில் ஒட்டுவதற்கு பாலித்தீன். மூன்றும் பிரியாமல் ஒட்டியிருப்பதால் உருக்கி மறுபடி பயன்படுத்த வழியில்லை. எடையும் கிடையாது, ஒரு கிலோ சேர்க்க ஏராளமாகப் பொறுக்கணும், எடுத்தாலும் சிமென்ட் ஆலையில் எரிக்கத்தான் லாயக்கு. மக்கவும் மக்காது. வெயிலில் நொறுங்கித் துணுக்காகி மண்ணோடு கலக்கும். மண்ணுக்குள் படலமாகக் கிடந்தால் தண்ணீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கும். மாடு தின்றால் வயிற்றிலேயே தங்கும். ‘கொளுத்திடலாமே’ என்பவர்களுக்கு: அந்தப் புகை நம் மூக்குக்கு, சாம்பல் நம் வயலுக்கு. தோல் கழிவு வாங்கிய பாலாற்றுக்கு இந்தச் சுமை வேறு.

சட்டத்துக்குப் பாக்கெட்டைப் பற்றித் தெரியாமல் இல்லை. 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகள் குட்கா, புகையிலை, பான் மசாலாவை பிளாஸ்டிக் பாக்கெட்டில் விற்கக் கூடாது என்றன. ஷாம்பு தப்பித்துவிட்டது. 2019 ஜனவரி 1-ல் தமிழகத்தில் தடை வந்தபோதும் கைப்பையும் டீ கப்பும்தான் மாட்டின, கம்பெனி உறைகளுக்கு விலக்கு கிடைத்தது. இலங்கையில் 2021 மார்ச் 31 முதல் உணவு, மருந்து தவிர 20 மில்லி, 20 கிராம் வரையுள்ள பாக்கெட்டுகளுக்குத் தடை போட்டார்கள். நாம் கேட்க வேண்டியதும் அதுதான்.

அதுவரை? நம் சங்க அங்காடிகளில் அரப்புத்தூள், சீயக்காய், பூந்திக்கொட்டையை டின்னில் வைத்து, ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் அளந்து காகிதத்தில் மடித்துக் கொடுக்கலாம். செக்கு எண்ணெய்க்குப் பாட்டில் கொண்டுவரச் சொல்கிறோம் இல்லையா, அதே மாதிரி. இன்றைக்கு நம்மவர்களே நலங்குமாவை ஜிகினா பாக்கெட்டில் போட்டு, ‘இயற்கை’ என்று பச்சையில் அச்சடித்து விற்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் முதலில் இதைப் பேசுவோம். எருக்குழிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சாக்கும் கட்டி வையுங்கள். பாக்கெட் அதில் விழட்டும்.