இடம் இருந்தது, அழைப்பு இல்லை

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் நம் ஊர்க் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம். களத்தில் 11 பேர்தான் என்றாலும், கல்லூரி அணியில் நூறு பேர் வரை இருப்பார்கள். உதவித்தொகையோடு தேர்வானால் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த இடம்தான் பட்டப்படிப்பு. அதனால்தான் அந்த இடங்கள் யாருக்குப் போயின என்று நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

1960களின் தொடக்கம். டெக்சாஸ் மாநிலம் போமான்ட் நகரில் பப்பா ஸ்மித் என்றொரு கறுப்பின மாணவர். உயரம் 6 அடி 7 அங்குலம். சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆட ஆசை. அங்கே கறுப்பினப் பிள்ளைகளை அணியில் சேர்ப்பதில்லை. திறமை பற்றிய பேச்சே எழவில்லை. நம்மிடம் 'தகுதி, தகுதி' என்று பாடம் நடத்துவோர் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

அவரை அழைத்துக்கொண்டது வடக்கே இருந்த மிச்சிகன் ஸ்டேட். அதன் பயிற்சியாளர் டஃபி டாஹர்ட்டி, தெற்கின் கறுப்பினப் பள்ளிப் பயிற்சியாளர்களோடு நட்பு வைத்திருந்தார். அவர்கள் கைகாட்டிய பிள்ளைகளைச் சேர்த்தார். இதில் நல்ல மனசு மட்டுமல்ல, கணக்கும் இருந்தது. மற்றவர்கள் தொடாத இடத்தில்தானே முத்து மலிவாகக் கிடைக்கும்! வடக்கிலும் பல அணிகள் கறுப்பினத்தவர் 'இத்தனை பேர் போதும்' என்று எழுதாத வரம்பு வைத்திருந்த காலம் அது. 1966-இல் நோட்ர டேம் அணியில் கறுப்பின வீரர் ஒரே ஒருவர், ஆலன் பேஜ். அதே ஆண்டு அவர்களோடு 10-10 என்று சமன் செய்த மிச்சிகன் ஸ்டேட் அணியில் 20 பேர். மறு ஆண்டு தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது முதல் 8 பேரில் 4 பேர் இந்த அணியின் கறுப்பின வீரர்கள். முதல் பெயர் பப்பா ஸ்மித்.

1970-இல் அலபாமாவின் முழு வெள்ளை அணியை, சாம் கன்னிங்காம் ஆடிய தென் கலிபோர்னியா 42-21 என்று வீழ்த்தியது. அந்த ஒரு தோல்விதான் கதவைத் திறந்தது என்பார்கள். அதை அப்படியே ஏற்க முடியவில்லை. வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவரை அலபாமா அதற்கு முன்பே சேர்த்துவிட்டது. முதலாண்டு மாணவர் என்பதால் அன்று அவர் களம் இறங்க முடியவில்லை.

1973-இல் ஓர் அணிக்கு 105 உதவித்தொகை என்று உச்சவரம்பு வந்தது. பிறகு 95, 85 என்று குறைந்தது. பெரிய கல்லூரிகள் ஆளைக் குவித்து வைப்பது நின்றது. 2025 முதல் கணக்கு வேறு. உதவித்தொகைக்கு வரம்பில்லை, அணியின் மொத்தத் தலைக்கணக்கே 105. அதற்கு முன் 85 பேர் போக, சொந்தச் செலவில் படித்தபடி பயிற்சிக்கு வந்து வாய்ப்புக்குக் காத்திருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். பல கல்லூரிகளில் அவர்கள் பெயர்தான் முதலில் அடிபட்டது.