ஒதுக்கிய இசையும் ஒளிக்கப்பட்ட இசையும்

செகா நிறுவனத்தின் ‘சோனிக் 3’ என்ற வீடியோ கேம் 1994 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அதன் முற்றுப்பெறாத சோதனை வடிவம் ஒன்றை, 1993 நவம்பர் 3 எனத் தேதியிட்டதை, பழைய விளையாட்டுகளைப் பாதுகாக்கும் ‘ஹிடன் பேலஸ்’ குழுவினர் 2019 நவம்பரில் வெளியிட்டார்கள். ‘கார்னிவல் நைட்’, ‘ஐஸ்கேப்’, ‘லாஞ்ச் பேஸ்’ ஆகிய மூன்று கட்டங்களில் எல்லோரும் கேட்டுப் பழகிய இசை அதில் இல்லை. வேறு இசை இருந்தது.

வேறு என்றாலும் புதிது இல்லை. 1997இல் வந்த கம்ப்யூட்டர் பதிப்பில் இதே மெட்டுகள் ஒலித்தன. பின்னால் போட்ட ஒட்டு என்றுதான் ரசிகர்கள் அவற்றை ஒதுக்கியிருந்தார்கள். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இது நன்றாகவே பழகிய கூத்து: இடைச்செருகல் என்று தள்ளியது, மூலம் என்று நம்பியதற்கும் முந்தையது என்று தெரியவருவது.

அந்தக்கால மெகா டிரைவ் கருவியில் இசை பெரும்பாலும் ஒலிப்பதிவாக இருப்பதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்தக் குரலில் என்ற கட்டளைகள்தான் கேட்ரிட்ஜில் இருக்கும். யமாஹா சிப் ஒன்று அவற்றை அந்தந்தக் கணத்தில் வாசிக்கும். ஆகவே ஒதுக்கப்பட்டது சிதிலமாகக் கிடைக்கவில்லை. அதே கருவியில் போட்டால் முழுசாகவே பாடுகிறது.

1994இல் வந்த இசைக்கு யார் ஆசிரியர்? பட்டியலில் பிராட் பக்ஸர் முதலியோர் பெயர்கள் உண்டு, மைக்கேல் ஜாக்சன் பெயர் இல்லை. 1993இல் ஜாக்சன்மீது எழுந்த குற்றச்சாட்டுகளால் அவர் பங்கை நீக்கிவிட்டோம் என்றார் செகாவின் ரோஜர் ஹெக்டர். அப்படியல்ல, அந்தக் கருவி எழுப்பும் ஒலி பிடிக்காமல் ஜாக்சனே பெயர் வேண்டாமென்றார் என்று 2009இல் சொன்னார் பக்ஸர். 2022இல் யூஜி நாகாவும் அது ஜாக்சனின் இசை என்றே எழுதினார். ‘ஐஸ்கேப்’ மெட்டோ, பக்ஸர் இருந்த ஜெட்சன்ஸ் குழு எண்பதுகளின் தொடக்கத்தில் பதிவுசெய்து 2008வரை வெளியிடாத பாட்டிலிருந்து வந்தது. ஒரு பரணிலிருந்து இறங்கியது இன்னொன்றைப் பரணில் ஏற்றியிருக்கிறது! ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் பார்த்தைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். இங்கே ஆசிரியன் பெயரே இல்லை, உரிமைச் சிக்கல்பற்றிய சந்தேகம் மட்டும் சாகவேயில்லை.

2022 ஜூனில் ‘சோனிக் ஆரிஜின்ஸ்’ தொகுப்பில் செகாவே அந்த ஒதுக்கிய மெட்டுகளை, ஜுன் செனோவேயின் கைவண்ணத்தில், அதிகாரபூர்வமாக வெளியிட்டது. நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ரசிகர்கள் 2019இல் செய்ததும் இதுவும் ஒன்றல்ல. அங்கே ஒதுக்கியது, வெளியானதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இங்கே வெளியானதன் நாற்காலியில் உட்கார்ந்தது. முந்தைய மாதமே பழைய பதிப்பை ஸ்டீம் கடையில் விற்பதும் நிறுத்தப்பட்டிருந்தது. ஆவணத்தைத் திறப்பது எப்போதும் நினைவின் பக்கம் நிற்கிறது என்று நம்முடைய நண்பர்கள் நம்புகிறார்கள். ஒரு மறதியைச் சத்தமில்லாமல் நடத்திவைக்கவும் ஆவணம் உதவும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த மூன்று பழைய மெட்டுகளும் மோசமில்லை, கார்னிவல் நைட்டுடையது எனக்குப் பிடிக்கக்கூடச் செய்கிறது. பிரச்சினை அதுவல்ல.

காசு கொடுத்து ‘ஆரிஜின்ஸ்’ வாங்கும் பையனுக்கு 1994இன் ‘ஐஸ்கேப்’ அதில் கிடைக்காது. வேண்டுமென்றால் பழைய கேட்ரிட்ஜைத் தேட வேண்டும், இல்லையென்றால் யாரோ ஒரு ரசிகர் ராத்திரி உட்கார்ந்து பழைய இசையைத் திரும்பப் பொருத்திய திருட்டு வடிவத்தை.