உங்களுக்குத் தெரியுமா? கடலுக்குப் போகாத சால்மன்

கோகனி என்ற மீனும் சாக்கை (sockeye) சால்மன் இனம்தான். ஆனால் கடலுக்கே போகாமல் நன்னீரிலேயே வாழ்ந்து முடித்துவிடும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள வல்லோவா ஏரியில் இதைப் பிடிக்கக் குடும்பத்தோடு படகேறுகிறார்கள். கோடையில் மேல்நீர் சூடேறினால் கோகனி குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடும். அதனால் கம்பியில் ஈயக்குண்டு கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கி, படகை நடைவேகத்துக்கும் குறைவாக ஓட்டுவார்கள். முள்ளில் வெள்ளை மக்காச்சோள மணி. அதற்கு முன்னால் மினுங்கியபடி ஆடும் உலோகத் தகடு. நுண்ணிய மிதவை உயிரிகளைத் தின்று வாழும் மீனைச் சீண்டிவிடுவது அந்த மினுக்கம்தான்.

கோகனியின் வாய் மிக மென்மையானது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். பிள்ளைகளிடம் தூண்டிலைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

பொதுவாக ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடும் மீன் இது. 2010-ல் இதே ஏரியில் சிக்கிய கோகனியோ சுமார் 4.4 கிலோ எடையுடன் உலகச் சாதனை படைத்தது!